ஐந்தாம் தொட்டியின் காற்றாடி

தேவி, சதீஷ், இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். போன மாதம் நீங்கள் ஆள் அனுப்பி முன்னறையில் மாட்டிவிட்ட கேமரா ஒழுங்காக வேலை செய்கிறது. தேவி கொழும்பிலிருந்தும் சதீஷ் கட்டாரிலிருந்தும் போனைத் திறந்தால் நான் நடமாடுவது தெரியும் என்று மாட்ட வந்த தம்பி விளக்கிவிட்டுப் போனார். அன்று சதீஷ் அழைத்து, "கோவிச்சுக்காதீங்கப்பா, வேவு பார்க்க இல்ல. அம்மாவும் இல்லாத வீட்டுல நீங்க வழுக்கி விழுந்தா யாருக்குத் தெரியும்?" என்றான். தேவிதான், "யாரோ பார்த்துக்கிட்டே இருந்தா கூச்சமா இருக்காதாப்பா?" என்று கேட்டாள்.

அப்போது சிரித்துச் சமாளித்துவிட்டேன். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை அது. தேயிலை ஸ்டோரில் நான் வேலை பார்த்த கடைசிக் காலம் முழுவதும் பதுளையில் ஒரு பிள்ளை கணினித் திரையில் என் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அப்படிப் பார்ப்பதும் பார்க்கப்படுவதும் எப்படி இருக்கும் என்று நான் படித்தது அங்கேதான். அதில் ஒரு சம்பவத்தை நீங்கள் முழுதாக அறியமாட்டீர்கள். அப்போது நீங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தீர்கள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். மடுல்சீமையில் எங்கள் தோட்டத்தில் கொழுந்தைத் தேயிலையாக்கும் ஸ்டோரில் கூட்டித் துடைக்கச் சேர்ந்தேன். பிறகு கொழுந்து அரைக்கும் உருளைகளில் நின்றேன், பிறகு தேயிலை காயவைக்கும் டிரையருக்கு வந்தேன். உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தவர் யாரும் இல்லை. சூடு பட்டும் திட்டு வாங்கியும் கைக்கு வந்த வேலை.

திட்டாமல் சொல்லித் தந்த ஒரே ஆள் எங்கள் டீமேக்கர் ஐயா. ஸ்டோர் முழுவதற்கும் அவர்தான் பொறுப்பு. சிங்கள ஆள், ஆனால் எங்களோடு தமிழில்தான் பேசுவார். மெசின் சத்தத்தில் மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். அவர் கத்தமாட்டார். பக்கத்தில் நடந்து வந்து, காதுக்குக் கிட்டே குனிந்து, வீட்டில் பேசுகிற மாதிரி சொல்லிவிட்டுப் போவார். கொழுந்தைத் தொடும் முன்பு கையைக் கழுவித் துடைத்துக்கொள்வார். அவரிடம் எதைப் போய்ச் சொன்னாலும் முதலில் ஒரே கேள்விதான் கேட்பார். "ஐயா, டிரையர்ல சூடு ஏறுது" என்றால், "கண்டதா, கேட்டதா?" என்பார். நாமே கண்டது என்றால் உடனே எழுந்து வருவார். யாரோ சொல்லிக் கேட்டது என்றால், "போய்க் கண்டுட்டு வா தம்பி" என்று திருப்பி அனுப்புவார். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. உங்கள் அம்மா கடைக்காரன் விலை ஏற்றிவிட்டான் என்று சொன்னால்கூட, "கண்டதா, கேட்டதா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்டோரின் மேல் மாடியில்தான் கொழுந்து வாட்டுவது. ஆள் நீளத்துக்குப் பல மடங்கு நீளமான தொட்டிகள், அடியில் கம்பி வலை. வலைமேல் கொழுந்தைப் பரப்பிவிட்டு, தொட்டியின் ஒரு முனையில் இருக்கும் பெரிய காற்றாடியைப் போட்டால் கீழிருந்து காற்று மேலே வரும். கொழுந்து நனைந்து வந்திருந்தால் கொஞ்ச நேரம் சூட்டுக் காற்றைச் சேர்த்துவிட வேண்டும். ஈரம் போனதும் நிறுத்திவிட வேண்டும். நிறுத்தத் தவறினால் கொழுந்து முறுகி, தேயிலை கெட்டுப்போகும். வாடியது போதுமா என்று பார்க்க, இரண்டு கையாலும் கொழுந்தை அள்ளி உருண்டையாகப் பிடித்து, கையை விரிக்க வேண்டும். உருண்டை பட்டென்று உதிர்ந்தால் இன்னும் வாடவில்லை. மெல்ல, மனசில்லாமல் பிரிகிற மாதிரி பிரிந்தால் சரி.

அந்த மாடியில் இருந்தவர் பாக்கியம் அக்கா. மலையில் கொழுந்து எடுக்கும்போது சரிவில் விழுந்து முழங்கால் உடைந்து, உள்ளே தகடு வைத்த ஆள். அதற்குப் பிறகு மலை ஏற முடியாது என்று டீமேக்கர் ஐயாதான் தோட்டத்து மேனேஜர் தொரையிடம் பேசி ஸ்டோருக்குள் எடுத்தார். சமதரையில் தொட்டியைச் சுற்றி நடந்துகொண்டிருப்பது அந்தக் காலுக்குத் தாங்கியது.

அப்போதுதான் கம்பெனி புது மெசின் பலகை கொண்டுவந்தது. தொட்டிகளிலும் டிரையரிலும் சூடும் ஈரமும் பார்க்கிற கம்பிகளைத் தொங்கவிட்டு, எல்லாவற்றையும் கீழே என் பக்கத்தில் ஒரு திரையில் காட்டினார்கள். அதே படம் கம்பி வழியாகப் பதுளை அலுவலகத்துக் கணினியிலும் தெரியும். அவர்களால் பார்க்கத்தான் முடியும், அங்கிருந்து எதையும் போடவோ நிறுத்தவோ முடியாது. படத்தில் தொட்டிகள் நீளப் பெட்டிகளாக இருக்கும். காற்றாடி ஓடினால் படத்திலும் ஒரு சின்னக் காற்றாடி சுற்றும். சூட்டுக் காற்று போட்டிருந்தால் பெட்டி செம்மஞ்சளாக மாறும். பதுளைத் திரையின் மேல் மூலையில் மட்டும் ஒரு சின்னப் புள்ளி உண்டு. பச்சையாக இருந்தால் ஸ்டோரோடு தொடர்பு இருக்கிறது. தொடர்பு அறுந்தால் சிவப்பாகிவிடும். அப்போது தெரிவது பழைய படம், நம்பக்கூடாது. இதை எங்களைக் கூட்டிவைத்து எஞ்சினியர் சேர் சொன்னார். அவர் ஹல்துமுல்லையில் வளர்ந்தவர், இளம் வயசு. எங்களோடு நல்ல தமிழில் பேசுவார்.

பதுளையில் இருந்து பார்க்கிறார்கள் என்றதும் பாக்கியம் அக்கா மறுநாள் தலையில் பூ வைத்துக்கொண்டு வந்தார். தொட்டிக்கு மேலே தொங்கிய கம்பிக்கு முன்னால் சேலையைச் சரி பண்ணிக்கொண்டு நின்றார். நான் சொன்னேன், "அக்கா, அதுல ஆள் தெரியாது. சூடும் ஈரமும்தான் தெரியும்."

"ஆளு தெரியாதா?"

"தெரியாது."

"நல்லதாப் போச்சு, அப்ப வெத்தல போடலாம்" என்று இடுப்பிலிருந்து பொட்டலத்தை எடுத்தார்.

பதுளையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது சுகந்தி என்ற பிள்ளை. கடைவீதியில் பலசரக்கு வியாபாரம் செய்கிற குடும்பத்துப் பெண். முகம் பார்த்ததில்லை, போனில்தான் பழக்கம். "அண்ணே, டிரையர் சூடு இறங்குது" என்பாள், "விறகு ஈரம்மா" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. ஆனாலும் மழை நாளில் தனியாக நிற்கும்போது, அங்கே ஒரு பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குக் கூச்சமாக இருந்ததில்லை. துணையாகத்தான் இருந்தது.

பாக்கியம் அக்காவுக்குத்தான் அந்தத் திரை வினையாக வந்தது. ஈரத்தையும் சூட்டையும் கம்பியே பார்க்கும்போது மாடியில் தனி ஆள் எதற்கு என்று கம்பெனியில் பேச்சு வந்தது. டீமேக்கர் ஐயா, கம்பி பிடித்துப் பார்க்காது, கை வேண்டும் என்று சொல்லி அதைத் தள்ளிவைத்துக்கொண்டே வந்தார். அந்த வருசம் ஆயுத பூஜை வந்தது.

வெள்ளிக்கிழமை பூஜை. நான் வாழைக்கன்றும் பூசணிக்காயும் வாங்க லொறியில் பசறைக்குப் போய்விட்டேன். பனியோடு வந்த கொழுந்தை ஐந்தாம் தொட்டியில் போட்டு பாக்கியம் அக்கா சூட்டுக் காற்று கொடுத்திருக்கிறார். நான் திரும்பி வந்தபோது எல்லோரும் கீழே கூடியிருந்தார்கள். நானும் பலகைப் பக்கம் போகாமல் பூஜையில் சேர்ந்துவிட்டேன். மெசின்களுக்கெல்லாம் பொட்டு வைத்து, சூடம் காட்டி, பாட்டுப் போட்டு, அன்றைக்கு ஸ்டோரே கோயில் மாதிரி இருந்தது. மறுநாள் அந்தக் கொழுந்தை உருளையில் போட்டபோது பாதிக்கு மேல் முறுகிப்போயிருந்தது. அந்த வருசம் மலையையே காயவைக்கும் கச்சான் காற்று நவராத்திரி வரைக்கும் ஓயவில்லை. காற்று ஜன்னல் வழியாக அடித்துக் காயவைத்திருக்கலாம். ஆனால் பதுளையில் வேறு பதில் வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை சுகந்தி வீட்டுக்குப் போகும் வரை ஐந்தாம் தொட்டியில் சூட்டுக் காற்று ஓடிக்கொண்டே இருந்ததாம். அவள் போன் பண்ணியிருக்கிறாள், பாட்டுச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை. திங்கட்கிழமை டீமேக்கர் ஐயாவும் நானும் பாக்கியம் அக்காவும் பதுளைக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். குற்றம் நிச்சயமானால் அக்கா திரும்ப மலைக்குத்தான். அந்தக் காலோடு மலைக்குப் போவது என்றால் வேலையை விடுவது என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா நம் லயத்து வீட்டுக்கு வந்தார். உங்கள் அம்மா தேத்தண்ணி கொடுத்தாள். அக்கா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. சூட்டுக் காற்றை நிறுத்திவிட்டுத்தான் பூஜைக்கு இறங்கியதாகச் சொன்னார். பிறகு குரலை இறக்கினார்.

"நான் நிப்பாட்டுனத நீ பார்த்தேன்னு ஒரு வார்த்த சொல்லு தம்பி. கீழ உன் பலகையிலதான் எல்லாம் தெரியுமே."

நான் பசறையில் இருந்தேன் என்பது அவருக்கும் தெரியும். அவர் போன பிறகு உங்கள் அம்மா, "ஒரு பொம்பளையோட சோறு. சொன்னா என்ன கெட்டுப்போகும்?" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அக்கா பொய் சொல்லமாட்டார் என்று எனக்கு நிச்சயம். ஆனால் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது?

எழுந்து டீமேக்கர் ஐயாவின் வீட்டுக்குப் போனேன். அவர் தோட்டத்து ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னேன். அவரும் பூஜைத் தட்டுக்கு முன்னால் நின்றதால் பலகையைப் பார்க்கவில்லை என்றார். பிறகு வாளியைக் கீழே வைத்தார்.

"காணாததக் கண்டதுன்னு சொல்ல ஏலாது தம்பி. ஆனா அவ வேல செய்றத இவ்வளவு காலம் கண்டிருக்கிறது தானே. அதச் சொல்லு. அதுவும் கண்டதுதான்."

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் மூன்று பேரும் புறப்பட்டோம். அக்கா, தன் மகன் கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு, மடியில் ஒரு பை கொய்யாப்பழம் வைத்திருந்தார். யாருக்கு என்று கேட்டேன். "தினமும் நம்மளப் பார்க்குற புள்ளைக்கு" என்றார். அந்தப் பிள்ளை சொன்ன சாட்சியில்தான் இவரை விசாரிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். அது தெரிந்தும் லயத்துக் கொல்லையில் பறித்துக்கொண்டு வந்திருந்தார். தோட்டத்தைத் தாண்டி ஒரு வளைவில் பஸ் நின்றது. மின்சாரக் கம்பம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். டீமேக்கர் ஐயா ஜன்னல் வழியாக எட்டி அவர்களிடம் ஏதோ பேசினார்.

அலுவலகம் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடி. அங்கேயும் வெள்ளிக்கிழமை காலையில் சரஸ்வதிக்கு வாணி விழா வைத்திருந்தார்கள். வாசலில் மாவிலை வாடிக்கிடந்தது. மேசைகளுக்கு, அலுமாரிக்கு, கணினிகளுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். சுகந்தியை அப்போதுதான் முதலில் பார்த்தேன். ஒல்லியான பிள்ளை, கண்ணாடி போட்டிருந்தாள். அக்கா பையை நீட்டினார். அவளுக்கு வாங்குவதா வேண்டாமா என்று தெரியவில்லை. வாங்கி மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

எஞ்சினியர் சேர் கடுமையாகப் பேசவில்லை. அக்காவை உட்காரச் சொன்னார்.

"நீங்க எத்தன மணிக்கு நிப்பாட்டினீங்கன்னு நான் கேக்க வரல்ல அக்கா. சுகந்தி பின்னேரம் வரைக்கும் பார்த்திருக்கா. ஓடிக்கிட்டே இருந்திருக்கு."

"நான் நிப்பாட்டிட்டுத்தான் சேர் எறங்குனேன்."

"யாராவது பார்த்தாங்களா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. நான் எழுந்து நின்றேன்.

"நான் பார்க்கல சேர். பசறைக்குப் போயிருந்தேன். நான் பார்த்தது வேற. அக்கா சூட்டுக் காத்த நிப்பாட்டுனா அப்பிடியே போகமாட்டாங்க. கையக் கொழுந்துக்குள்ள விட்டு, குளுந்து வர்ற வரைக்கும் அங்கேயே நிப்பாங்க. சாப்பாட்டு மணி அடிச்சாலும் நிப்பாங்க. ஒரு நாள்கூட அதுல தவறி நான் பார்த்ததில்ல."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். நான் கைவிட்டுவிட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ. எஞ்சினியர் சேர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அண்ணே, நீங்க சொல்றத நான் நம்புறேன். ஆனா நம்புறேன்னு மேல எழுத முடியாதே. ஸ்கிரீன்ல இருக்கிறதத்தான் எழுதணும்." அவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "இந்தா, இன்னைக்கும் பாருங்க. ஐஞ்சாவது தொட்டி ஓடுது. சூட்டுக் காத்தும் போட்டிருக்கு. இப்ப யாரு போட்டது?"

செம்மஞ்சள் பெட்டி. அதன் முனையில் சின்னக் காற்றாடி அழகாகச் சுற்றிக்கொண்டிருந்தது. டீமேக்கர் ஐயா எழுந்து வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது இப்ப ஓடுறதா, சேர்?"

"இப்பதான்."

"ஸ்டோர்ல இன்னைக்குக் காலையில இருந்து கரண்ட் இல்ல. ரோட்டுல கம்பம் மாத்துறாங்க. மத்தியானத்துக்கு மேலதான் வரும்னு சொன்னாங்க. வரும்போது கண்டது."

எல்லோரும் திரையைப் பார்த்தோம். காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மின்சாரம் இல்லாத ஸ்டோரில், ஆள் இல்லாத மாடியில், அது பாட்டுக்குச் சுற்றியது.

சுகந்திதான் மெல்லக் கையை நீட்டினாள். திரையின் மேல் மூலையில், எண்களை மறைக்காமல் இருக்கட்டும் என்று அவள் வைத்திருந்த பொட்டை விரலால் துடைத்தாள். சந்தனமும் குங்குமமும் விரலோடு வந்தன. அந்த இடத்தில் சிவப்பு அப்படியே இருந்தது. கைக்குட்டையை எடுத்து இன்னொரு தரம் அழுத்தித் துடைத்தாள். கண்ணாடி பளிச்சென்று ஆனது. சிவப்பு போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் பொட்டு வைத்தபோது அதற்கு அடியில் அந்தத் தொடர்புப் புள்ளி பச்சையாக இருந்திருக்கிறது. அன்று பகல், காற்றில் எங்கேயோ கம்பி அறுந்து அது சிவப்பாகியிருக்கிறது. கடைசியாக வந்த படத்தில் அக்கா இன்னும் சூட்டுக் காற்றை நிறுத்தவில்லை. அந்தப் படத்தைத்தான் அது திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தது. சனியும் ஞாயிறும் அலுவலகம் பூட்டு, திரையைப் பார்க்க ஆள் இல்லை. ஓரத்தில் சிவப்பு கசிந்து தெரிந்தாலும் யாருக்குச் சந்தேகம் வரும்? பூஜை முடிந்த வாரத்தில் எல்லாவற்றிலும்தான் சிவப்பு இருந்தது.

சுகந்தி அழுதுவிட்டாள். எஞ்சினியர் சேர் அவளைத் திட்டவில்லை. "புள்ளிய சிவப்பாப் போடச் சொன்னது நான்தானே" என்றார். பிறகு அக்காவிடம் வந்து, எங்கள் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். அக்கா அதைக் காதில் வாங்கினாரா தெரியவில்லை. அந்தப் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நல்ல மனசுலதானே பொட்டு வச்ச பாப்பா. அழுவாத. கொய்யா சாப்புடு." பிறகு திரையைப் பார்த்து, "இதுல எது என் தொட்டி?" என்று கேட்டார். சுகந்தி காட்டினாள். அக்கா கிட்டப் போய்ப் பார்த்தார். "நான் எங்க நிப்பேன்?"

"உங்களுக்குப் படம் போடலக்கா" என்றாள் சுகந்தி. சொல்லிவிட்டு அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பஸ்ஸில் திரும்பும்போது அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். பசறை தாண்டிய பிறகு, "நான் கைய விட்டுப் பார்க்கிறத நீ எங்கேருந்து பார்த்த?" என்று கேட்டார். படிக்கட்டில் ஏறி வரும்போது என்று சொன்னேன். "எனக்குத் தெரியாமப் போச்சே" என்று சொல்லிவிட்டு, வழி நெடுக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

கொழுந்து முறுகியது கச்சான் காற்றால் இருக்கலாம் என்று டீமேக்கர் ஐயா எழுதிக்கொடுத்தார். இருக்கலாம் என்றுதான் எழுதினார். மாடிக்குத் தனி ஆள் வேண்டாம் என்ற பேச்சு அத்தோடு நின்றது. அக்கா ஓய்வு பெறும் வரை ஐந்தாம் தொட்டியைச் சுற்றித்தான் நடந்தார்.

இன்னொரு காரியமும் நடந்தது. டீமேக்கர் ஐயா கேட்டு, எஞ்சினியர் சேர் எங்கள் ஸ்டோர்ப் பலகையின் கடிகாரத்தையே பதுளைத் திரையில் பெரிதாக வரும்படி செய்தார், நொடி ஓடுகிற மாதிரி. கம்பி அறுந்தால் அதுவும் நின்றுவிடும். அதற்குப் பிறகு சுகந்தி போன் பண்ணினால் முதலில் சூடும் சொல்லமாட்டாள், ஈரமும் சொல்லமாட்டாள். திரையில் ஓடுகிற மணியைச் சொல்லுவாள். நான் என் பலகையைப் பார்த்து, "சரிம்மா, ஒண்ணாத்தான் இருக்கோம்" என்பேன். பிறகுதான் வேலைப் பேச்சு. நான் ஓய்வு பெற்ற அன்றும் அப்படித்தான் பேசி முடித்தோம்.

தேவி, நீ கேட்டதற்கு இதுதான் பதில். எனக்குக் கூச்சம் இல்லை. நீங்கள் பார்ப்பது எனக்குச் சந்தோசம். நீங்கள் பார்க்கும்போது நான் நன்றாக இருக்கிற மாதிரித் தெரிந்து, அது பழைய படமாக இருந்துவிடக்கூடாது என்பது ஒன்றுதான் என் கவலை.

நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, சமையலறையில் இருந்த சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினேன். அம்மா சோறு வடிக்க மணி பார்க்கிற கடிகாரம், சிவப்பு நொடிமுள் உள்ளது. புது பற்றரி போட்டேன். முன்னறையில் கேமராவுக்கு நேர் எதிரே ஆணி அடித்து மாட்டினேன். சுவரிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது, அதைக் கூட்டி அள்ளினேன். பிறகு கடிகாரத்தை மறைக்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, முள் ஒரு சுற்று வரும் வரை கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.